அப்பா தலைகுனிந்து பார்த்த படங்கள்

கேள்வி: சென்ற தை மாதம் என் அப்பா காலமானார். பரணிலிருந்த டிரங்குப் பெட்டியில் அவருடைய பழைய யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவும் ஏராளமான நெகட்டிவ்களும் கிடைத்தன. அந்தப் படங்களில் அம்மாவும் நாங்களும் இருக்கிறோம். ஆளில்லாத படித்துறையும் இருக்கிறது. ஒன்றில்கூட அப்பா இல்லை. அதிகம் பேசாத அவர் எங்களை எப்படிப் பார்த்தார் என்பதை இவற்றிலிருந்து அறிய முடியுமா?
ஒரு வாசகி, கும்பகோணம்.

பதில்: ஓரளவு முடியும். முதலில் அந்தக் கேமராவின் மேல்மூடியைத் திறந்து பாருங்கள். இவ்வகைக் கேமராவைப் பெரும்பாலும் கண்ணருகே கொண்டுபோவதில்லை. கழுத்தில் மாட்டி, நெஞ்சுக்குக் கீழே பிடித்து, தலைகுனிந்து, மேலேயுள்ள மங்கிய கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் பார்ப்பார்கள். அதில் இடம் வலமாகத் தெரியும் என்பதால், ஓடும் குழந்தையைச் சட்டத்துக்குள் பிடிக்கப் பழக்கமும் பொறுமையும் வேண்டும். ஆகவே அந்தப் படங்களில் நீங்கள் காண்பது பெரும்பாலும் அப்பாவின் கண்ணுயரத்தை அல்ல, நெஞ்சுயரத்தை. சிறுமியாக இருந்த உங்கள் முகத்துக்கு ஏறக்குறைய நேராக இருந்த உயரம் அது. ஏதேனும் ஒரு படத்தில் அம்மாவின் பார்வை லென்ஸுக்குச் சற்று மேலே போயிருந்தால், குனிந்திருந்த அப்பாவின் தலையைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

அடுத்து, நெகட்டிவ்களின் ஓரத்தைக் கவனியுங்கள். இந்தக் கேமராவில் போடும் '120' எனப்படும் வகைப் பிலிம் ரோலில் 12 சதுரப் படங்களே விழும். ஓரத்தில் எண்கள் அச்சாகியிருக்கும். நன்றாக வந்தவற்றை மட்டும் பிரதி எடுக்காமல், எண் வரிசையில் எல்லாவற்றையும் அடுக்குங்கள். ஆல்பத்தில் ஒட்டியவை குடும்பம் தேர்ந்தெடுத்தவை. வரிசைதான் அவர் எதிலிருந்து எதற்குத் திரும்பினார் என்பதைக் காட்டும். பன்னிரண்டே வாய்ப்புகளில் ஒன்றை ஆளில்லாத படித்துறைக்குக் கொடுத்தவர், அங்கே எதையோ விரும்பித்தான் நின்றிருக்க வேண்டும். அதற்கு முந்தைய, பிந்தைய படங்களை அம்மாவிடமோ ஊர்ப் பெரியவர்களிடமோ காட்டிக் கேளுங்கள். சொல்வதை உறையின்மேல் பென்சிலால் குறித்துவிட்டு, பிறகு நெகட்டிவை உள்ளே வையுங்கள்.

ஒரு அவசரமும் உண்டு. நெகட்டிவ்களில் வினிகர் நெடி வந்தால், அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அவற்றைத் தனியே பிரித்து, ஓரங்களும் பதியும்படி முதலில் ஸ்கேன் செய்யுங்கள். வெப்பமும் ஈரமும் சிதைவை விரைவுபடுத்தும் என்பதால் மீண்டும் பரணில் ஏற்றாதீர்கள்.

அந்தப் படித்துறை இன்னும் இருந்தால், கேமராவுடன் ஒருமுறை அங்கே போய், படத்தில் தெரியும் கோணம் கிடைக்கும்வரை நகர்ந்து, தலைகுனிந்து கண்ணாடியில் பாருங்கள். பிலிம் போட வேண்டியதில்லை.