கடனில் தொலைநோக்கி வாங்கலாமா?

கேள்வி: இரவு வானத்தைப் படம் பிடிக்க ஆசை. என்னிடம் டி.எஸ்.எல்.ஆர். கேமராவும், அதனுடன் வந்த லென்ஸும், 50 மி.மீ. லென்ஸ் ஒன்றும் உள்ளன. 8 அங்குல ஆடி கொண்ட, கையால் திருப்பும் டாப்சோனியன் வகைத் தொலைநோக்கியை 24 மாதத் தவணையில் வாங்க நினைக்கிறேன். கடன் முழுவதற்கும் ஆண்டுக்கு 12 சதவீத நேர்வட்டி. அதன் விலை என் இரண்டு மாதச் சம்பளம். அவசரத்துக்கு ஒரு மாதச் செலவுக்கான பணம்தான் கையில் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வட்டி அதிகம் என்பது இரண்டாவது காரணம்தான். நீங்கள் நினைக்கும் வேலைக்கு அந்தக் கருவி பொருந்தாது என்பதே முதல் காரணம்.

பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. சாதாரண டாப்சோனியன் அதைப் பின்தொடராது; கையால்தான் தள்ள வேண்டும். 8 அங்குலக் குழாயின் குவியத் தூரம் (இது கூடக்கூட பிம்பம் பெரிதாகும், நகர்வும் பெரிதாகத் தெரியும்) பெரும்பாலும் 1200 மி.மீ. உங்கள் கேமராவின் உணரி, பல டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் உள்ள சிறிய ஏபிஎஸ்-சி அளவு என்றால், கால் நொடிக்கு மேல் திறந்து வைத்தாலே விண்மீன்கள் கோடாக இழுபடும். நிலாவும் கோள்களும் கிடைக்கும். மங்கலான நெபுலாக்கள், அதாவது விண்வெளியின் வாயு, தூசி மேகங்கள், கிடைக்காது. கண்ணால் பார்ப்பதற்கு அது அருமையான கருவி, அதை மறுக்கவில்லை.

இந்தத் துறையில் பணம் குழாய்க்கு அல்ல, அதைத் தாங்கிச் சுழற்றும் மவுன்ட்டுக்குப் போக வேண்டும். நானே ஒருமுறை பெரிய குழாயையும் மெலிந்த மவுன்ட்டையும் வாங்கினேன். காற்று வீசும்போதெல்லாம் விண்மீன்கள் நடனமாடின. பிறருக்குச் சிக்கனம் சொல்பவன் செய்த காரியம் அது!

இப்போது வட்டி. நேர்வட்டியில் 100 வாங்கினால் 124 திருப்பித் தருவீர்கள். நீங்கள் அடைத்துவிட்ட அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். குறையும் நிலுவைக்கு வட்டி என்ற கணக்கில் பார்த்தால் இது 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. மாதத் தவணை உங்கள் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தின்னும். தொலைநோக்கியோடு செலவு நிற்கவும் நிற்காது. இணைப்பு வளையம், மின்கலம், பனி படியாமல் காக்கும் சூடேற்றி என்று வரிசையாக வரும்.

அந்தப் பத்தில் ஒரு பங்கை உங்களுக்கே மாதாமாதம் தவணை கட்டுங்கள். கண்டிப்பான ஆலோசகர் முழுவதையும் அவசர நிதிக்கே போடச் சொல்வார். நான் பாதி அதற்கு, பாதி வானத்துக்கு என்பேன். ஆசையை முழுவதும் பட்டினி போட்டால் அது ஒரு நாள் கடன் அட்டையோடு வெளியே கிளம்பும்.

பணம் சேரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. உறுதியான முக்காலியும், தொடாமல் படமெடுக்கும் ரிமோட்டும் போதும். 50 மி.மீ. லென்ஸில் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் முக்கிய விண்மீன்கள் அடங்கும். ஆறு நொடிப் படங்களாக நூறு எடுத்து, சிரில் என்ற இலவச மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள். படங்களின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கினால் இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் பொரிப்பொரியான புள்ளிகள், ஏறக்குறைய பாதியாகும். அதற்குப் பொறுமைதான் செலவு. ஊர் வெளிச்சத்திலிருந்து விலகிப் போவது எந்த லென்ஸைவிடவும் அதிகப் பலன் தரும்.

ஆறு மாதம் கழித்தும் குளிரில் நிற்கச் சலிக்கவில்லை என்றால், கேமராவை மட்டும் சுமந்து வானத்தோடு நகரும் சிறிய டிராக்கர் ஒன்றை ரொக்கமாக வாங்குங்கள். அதன் தாங்கும் எடை என்று அச்சிட்டிருப்பதில் பாதியையே கணக்கில் கொள்ளுங்கள். பழைய லென்ஸானால் தயங்காமல் வாங்கலாம், கீறலும் பூஞ்சையும் இல்லையென்றால்.