ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதாக அறிவிப்பைக் கொடுத்த நாடு அதைத் திரும்பப் பெற முடியுமா?

முடியும், ஆனால் விலகல் நடைமுறைக்கு வரும்வரை மட்டுமே. ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 50-வது பிரிவின்படி, ஒரு நாடு, உறுப்பு நாடுகளின் தலைவர்கள் கூடும் ஐரோப்பிய மன்றத்துக்கு அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக் கெடு தொடங்குகிறது. மற்ற நாடுகள் அனைத்தும் ஒருமனதாக இசைந்தால்தான் அது நீட்டிக்கப்படும். அறிவிப்பைத் திரும்பப் பெறுவது குறித்து அப்பிரிவு ஒரு சொல்லும் கூறவில்லை.

பிரிட்டன் 2017 மார்ச் 29 அன்று அறிவிப்புக் கொடுத்த பிறகு, ஸ்காட்லாந்து நீதிமன்றம் ஒன்று இந்தக் கேள்வியை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. திரும்பப் பெற மற்ற நாடுகளின் ஒருமித்த ஒப்புதல் தேவை என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் வாதிட்டது. அவ்வாதத்தை 2018 டிசம்பர் 10 அன்று நிராகரித்த நீதிமன்றம், எந்த நாட்டையும் அதன் விருப்பத்துக்கு மாறாக ஒன்றியத்தில் சேர்க்க முடியாததைப் போலவே, விருப்பத்துக்கு மாறாக வெளியேற்றவும் முடியாது என்று விளக்கியது. என் பார்வையில் தீர்ப்பின் உயிர்நாடி இதுதான்.

திரும்பப் பெறும் முடிவு அந்நாட்டின் அரசமைப்பு விதிகளின்படி, ஜனநாயக வழியில் எடுக்கப்பட வேண்டும். நிபந்தனை ஏதுமின்றி, ஐயத்துக்கிடமின்றி எழுத்து மூலம் தெரிவிக்கப்பட வேண்டும். விலகல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிட்டாலோ, அல்லது ஒப்பந்தம் ஏதுமின்றிக் கெடு முடிந்துவிட்டாலோ இந்த உரிமை அற்றுப்போகும். 2020 ஜனவரி 31 அன்று வெளியேறிய பிரிட்டன் மீண்டும் சேர விரும்பினால், 49-வது பிரிவின்படி புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.