அருள் வராதவன்

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். வயது 29. கல்லூரி நாளிலிருந்தே எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. வீட்டில் யாருக்கும் தெரியாது. மூன்று வயதில் எனக்கு ஜன்னி கண்டு, தோட்டத்து மருத்துவ உதவியாளர் (டிரெசர்) கைவிரித்துவிட, அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாராம். அதனால் ஆண்டுதோறும் பால்குடம் எடுக்கிறேன். போன ஆடித் திருவிழாவில் உடுக்கை அடித்தபோது எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நானும் ஆடிவிட்டேன். ஒரு பாட்டி காலைப் பிடித்துக்கொண்டு, லாக்கப்பில் இருக்கும் பேரன் எப்ப சாமி வருவான் என்று அழுதார். "வந்துருவான்" என்றேன். பள்ளிச் சபைகூடலில் 'இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்' என்றும் வாய்விட்டுச் சொல்கிறேன். எல்லாமே நடிப்பாகிவிட்டது. எல்லாரிடமும் உடைத்துச் சொல்லிவிடலாமா? அடுத்த ஆண்டு திருமணம். பெண்ணுக்கும் தெரியாது.

— பெயர் வேண்டாம்

அன்புள்ள தம்பி,

எல்லாரிடமும் எதற்கு?

சபைகூடலை விடுங்கள். நீங்கள் சொல்லும் அந்த வரி உள்ள மலேசிய நாட்டுக் கோட்பாடான ருக்குன் நெகாரா 1970-இல், மே 13 இனக் கலவரத்துக்கு மறு ஆண்டு, பல இனத்தாரும் சேர்ந்து நின்று சொல்வதற்காக வந்தது. வரிசையில் நிற்பவர் மனசை அங்கே யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. அங்கே வீரம் காட்டினால் ஒரு பிள்ளைக்கும் பயனில்லை.

இந்த நாட்டில் நீங்கள் முதல் ஆளும் இல்லை. பெரியார் 1929 கடைசியில் பினாங்கில் வந்து இறங்கினார். 1954-இல் மறுபடியும் வந்தார். 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1952-இல் தொடங்கிவைத்த தமிழர் திருநாளில் சாமி கும்பிடுகிறவரும் கும்பிடாதவரும் ஒரே பந்தலில் உட்கார்ந்தார்கள். முருகனும் பெரியாரும் ஒரே சுவரில் தொங்கிய தோட்டத்து லயத்து வீடுகள் உண்டு. ஒன்றை அப்பா மாட்டியிருப்பார், மற்றதை அம்மா. சண்டை நடக்கும், சோறும் நடக்கும்.

எனக்கு உறுத்துவது அந்தப் பாட்டிதான். உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்பதை வெளியே சொல்லாதது உங்கள் பாடு. "வந்துருவான்" என்றீர்களே, அது அவர் தலையில் ஏறிவிட்டது. சாமியே சொன்ன பிறகு வக்கீல் எதற்கு என்று அவர் வீட்டோடு இருந்திருந்தால்? காசில்லாதவர்களுக்கு இலவசமாக வாதாட நம் நாட்டில் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. தடுப்புக் காவல் நீட்டிப்புக்குக் கொண்டுபோகும்போதே அதன் வக்கீல் பேசலாம். இதையெல்லாம் விசாரித்துச் சொல்ல வாத்தியாரால் முடியும். அந்த நேரம் பார்த்து வாத்தியார் மாரியம்மனாகிவிட்டார்!

இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போங்கள். "அன்னைக்கு ஆடுனது சாமி இல்ல பாட்டி, நான்தான்" என்று சொல்லுங்கள். அநேகமாக நம்ப மாட்டார். சாமி தன்னை மறைச்சுக்குது என்பார். அது இருக்கட்டும், பேரன் கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு, தாளை வாங்கிப் படியுங்கள்.

பால்குடத்தை அம்மாவுக்காகத் தூக்கலாம் என்பது என் கட்சி. பகுத்தறிவுக் கூட்டாளிகள் போன் போட்டுத் திட்டுவார்கள், திட்டட்டும். வேண்டுதல் அம்மாவுடையது; அது அவருக்கும் அம்மனுக்கும் உள்ள கணக்கு, நீங்கள் சுமைகூலி. ஆனால் உடுக்கை அடிக்கும் இடத்தில் சும்மா நில்லுங்கள். யாராவது கேட்டால், வரவில்லை என்று சொல்லுங்கள். அதில் பொய் எதுவும் இல்லை. அம்மாவுக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். கோயிலைவிட்டு வெளியே வந்ததும் நீங்கள் திருநீற்றைத் துடைத்திருப்பீர்கள்; அதை இத்தனை வருஷமாக அவர் பார்க்காமலா இருந்திருப்பார்? அவராக வாய் திறக்கிறவரைக்கும் விட்டுப் பிடியுங்கள்.

கடிதம் முழுக்கக் கோயிலும் பள்ளியும் அம்மாவும். கட்டிக்கொள்ளப் போகிறவருக்குக் கடைசியில் ஒரே ஒரு வரி. உங்கள் மௌனத்துக்கு ஆயுசு பூராவும் கூலி கொடுக்கப்போகிறவர் அவர். நாளைக்குப் பிள்ளைக்குக் காது குத்துவதா, மொட்டை போடுவதா என்று எல்லாவற்றிலும் உங்களோடு மல்லுக்கட்ட வேண்டியவர். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. அதற்குப் பயந்துதான் அந்த வரி அவ்வளவு சின்னதாகிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம்.

தேசியப் பதிவிலாகாவில் திருமணத்துக்கு மனுச் செய்தால், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லட்டும் என்று 21 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். அந்த மனுவில் அவர் கையெழுத்துப் போடும் முன்பே பேசிவிடுங்கள்.