வெறும் களிமண்ணா?

கேள்வி: கல், செம்பு, இரும்பு, எஃகு என்று புதுப் பொருள் ஒவ்வொன்றும் வந்தபோது போர்வீரனின் ஆயுதமும் மாறியது என்று படிக்கிறோம். மலையும் தாதும் இல்லாத, வெறும் களிமண் பூமியான நம் தஞ்சைக்கு இந்தக் கதையில் பங்கு உண்டா? (வாசகர், பாபநாசம்)

பதில்: அந்த 'வெறும்' என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள், அப்புறம் பேசலாம். வெறும் களிமண், வெறும் உமி, வெறும் கொல்லுப்பட்டறை என்று நாமே நம்மைச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு இது பொறுக்கவில்லை. நீங்கள் கேட்ட கதையில் பாதியை இந்த மூன்றும்தான் நடத்தியிருக்கின்றன.

உலையிலிருந்து வரும் இரும்பு மெத்தென்றிருக்கும். அதை வாளாக அடித்தால் வளைந்து போகும். அதில் நூற்றுக்கு ஒன்றோ ஒன்றரையோ பங்கு கரி ஏறினால் எஃகாகிவிடும். கரியை ஏற்ற என்ன வேண்டும்? சூட்டில் உருகாத ஒரு மண் மூசை, அதாவது உலோகம் உருக்கும் குடுவை, வேண்டும். சேலம் பக்கத்தில் உருக்குக் காய்ச்சியவர்கள் மூசைக்கான களிமண்ணோடு கரியாக்கிய நெல் உமியை நிறையச் சேர்த்துப் பிசைந்தார்கள். உள்ளே இரும்புத் துண்டுகள், காய்ந்த ஆவாரங்கட்டை, மேலே பச்சை எருக்கிலை. வாயை மண்ணால் பூசி அடைத்து, இருபது இருபத்துநான்கு மூசைகளை ஒன்றாக உலையில் அடுக்கித் துருத்தி ஊதினார்கள். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. களிமண் இளகும் சூட்டிலும் அது எலும்புபோல் நின்று மூசையைத் தாங்கும். நம் அரிசி ஆலைகளில் மலை மலையாகக் குவிந்து கிடக்கிறதே, அதே உமிதான்.

இப்படிக் காய்ச்சிய எஃகைத்தான் 'ஊட்ஸ்' என்று பெயரிட்டு 1795-இல் லண்டனில் ஆராய்ந்தார்கள். மைக்கேல் ஃபாரடே மின்சாரத்தில் பெயர் வாங்குவதற்கு முன் இதை வைத்துப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். கன்னடத்து 'உக்கு', நம் 'உருக்கு', இவைதான் வெள்ளைக்காரர் காதில் ஊட்ஸ் ஆயின என்பது பலரும் ஏற்ற கருத்து. மேற்காசியாவின் புகழ்பெற்ற டமாஸ்கஸ் வாள்களும் இந்த வகை எஃகில் அடித்தவையே.

அந்த உலைகள் மேற்கே இருந்தன, டெல்டாவில் அல்ல. இல்லாத பெருமையை நமக்குச் சேர்க்க மாட்டேன். நம் களிமண்ணுக்கென்று வேறொரு பெருமை இருக்கிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிசாகப் பூசுவதைப் பாருங்கள். பிறகு மெழுகை உருக்கி வெளியேற்றி அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றினால், மெழுகில் வைத்த நகக்கோடுகூட அப்படியே விழுகிறது. ஐரோப்பாவில் இதே வார்ப்பு வித்தை தெரிந்தவர்கள் தேவாலய மணியையும் வார்த்தார்கள், வெண்கலப் பீரங்கியையும் வார்த்தார்கள். நம் பக்கத்தில் நல்ல வெண்கலம் நடராசருக்குப் போயிற்று. போருக்கு இரும்பு.

இங்கேதான் என் பழைய சண்டை வருகிறது. தஞ்சை கீழவாசல் பீரங்கி மேட்டில் இருக்கும் ராஜகோபால பீரங்கியை 'வார்த்த பீரங்கி' என்று எழுதி வரும் எந்தக் கட்டுரையையும் திருத்தாமல் நான் அச்சுக்கு விட்டதில்லை. இதனால் ஒரு நண்பர் இரண்டு வருஷம் எனக்குக் கடிதம் எழுதவில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், அது வார்த்ததல்ல, காய்ச்சி அடித்தது. 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி, ரகுநாத நாயக்கர் காலம். 43 நீளப் பட்டைகளை உருளையாகச் சேர்த்து, அவற்றின்மேல் 94 இரும்பு வளையங்களை ஏற்றி இறுக்கியிருக்கிறார்கள். எடை ஏறத்தாழ 22 டன்.

வளையங்களை அப்படி இறுக்க எப்படி முடிந்தது என்று கேட்பவர்களுக்கு நான் சிறுவயதில் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருக்கோடியில் மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை ஏற்றுவார்கள். வட்டையைவிட, அதாவது சக்கரத்தின் மர விளிம்பைவிட, சற்றே குறைவான சுற்றளவில் இரும்பு வளையம். அதைச் சுற்றி எருமுட்டை அடுக்கி எரிப்பார்கள். சிவந்ததும் நான்கு பேர் குறடு போட்டுத் தூக்கிவந்து சக்கரத்தின்மேல் இறக்குவார்கள். மரம் புகைந்து தீப்பிடிக்கும். உடனே குடம் குடமாகத் தண்ணீர். வளையம் சுருங்கிக் கவ்வும்போது ஆரக்கால்கள் எல்லாம் நறநறவென்று ஒரு சத்தம் போடும், அது இன்னும் என் காதில் இருக்கிறது. சூட்டில் விரிந்து குளிரில் கவ்வும் அந்தக் குணம்தான் பீரங்கி வளையத்துக்கும் ஆதாரம். என்ன, இங்கே மரத்துக்குப் பதில் உள்ளேயும் இரும்பு, அதுவும் சம்மட்டியடியில் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். அத்தனை பெரிய இரும்பைச் சீராகக் காய்ச்சி, ஆறுவதற்குள் அடித்து முடிக்க எத்தனை கைகள் ஒரே தாளத்தில் இயங்கியிருக்க வேண்டும்!

ஏன் வார்க்கவில்லை? இரும்பைக் குழம்பாக ஓடவிட உயரமான உலையும் ஓயாத பெருங்காற்றும் வேண்டும். நம் உலைகள் சிறியவை, அவற்றில் இரும்பு கட்டியாகத்தான் வரும். ஆக, கையிலிருந்த பொருள்தான் ஆயுதத்தின் உருவத்தைத் தீர்மானித்தது. அந்த உருவம் படையின் வேலையையும் தீர்மானித்தது. 22 டன் பீரங்கியை இழுத்துக்கொண்டு யார் படையெடுப்பார்கள்? அது வாசலைக் காத்து நின்றது. மைசூர்க்காரர்கள் அதே அடித்த இரும்பை மெல்லிய குழாயாக்கி மருந்து திணித்தார்கள். காகிதக் குழாயும் மூங்கிலும் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியதால் ராக்கெட் வெகுதூரம் போயிற்று. 1780-இல் காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் ஆங்கிலேயப் படை அதன் சூட்டை உணர்ந்தது.

வீரனின் உடம்புக்கு வந்தாலும் இதே கதைதான். சங்கத் தமிழில் 'எஃகு' என்றால் வேல், 'தோல்' என்றால் கேடயம். பொருளின் பெயரே ஆயுதத்தின் பெயர்! புறநானூற்றில் ஒரு சோழன் அணிந்திருந்த புலித்தோல் கவசத்தை அம்புகள் கிழித்திருக்கின்றன. அம்புமுனை இரும்பானதும் தோல் தோற்றது. இன்றைக்குக் குண்டு துளைக்காத சட்டைக்கு ஆதாரமான கெவ்லார், 1965-இல் ஸ்டெபானி குவோலெக் கண்டது, ஓர் இழைதான்.

கொள்ளிடம் தாண்டினால் பரங்கிப்பேட்டை. அங்கே 1830-களில் இரும்பாலை நடத்திய ஹீத் என்பவர்தான் மேலே சொன்ன சேலத்து மூசை முறையையும் எழுதி வைத்தார். பிறகு இங்கிலாந்து போய், எஃகில் மாங்கனீசு சேர்ப்பதற்கு 1839-இல் காப்புரிமை வாங்கினார். அவர் சேர்த்தது ஒரு சிட்டிகைதான். அந்த மாங்கனீசை நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குவரை ஏற்றிய ஹாட்ஃபீல்டு எஃகில்தான் முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் தலைக்கவசம் செய்தார்கள்.

அதியமானின் தூதாகப் போன ஔவையார், தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி மாலை போட்டு அழகாக இருக்கின்றன, எங்கள் மன்னனுடையவை நுனி சிதைந்து 'கொல்துறை'யில், அதாவது கொல்லன் பட்டறையில், கிடக்கின்றன என்றார். ஆயுதத்தின் உண்மையான விலாசத்தை அவர் அன்றே சொல்லிவிட்டார். ரகுநாதர் பெயரை எல்லாரும் அறிவோம். அந்த 94 வளையங்களை அடித்த கொல்லர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இது பெரிய குறை.

பாபநாசத்துக்காரரே, உங்கள் பக்கத்தில் வண்டிப் பட்டை ஏற்றிய பெரியவர் யாராவது இன்னும் இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள். எத்தனை பேர் குறடு பிடித்தார்கள், என்ன எரித்தார்கள், இரும்பு எந்த நிறத்துக்கு வந்ததும் தூக்கினார்கள் என்று எழுதி அனுப்புங்கள். அவர் சம்மதித்தால் அவர் பெயரோடு அடுத்த இதழில் போடுகிறேன்.