ஒலிம்பிக் கணக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒலிம்பிக் போட்டிகளை நடத்தும் நகரங்களுக்கு நட்டமே மிஞ்சுகிறது என்று எழுதியிருந்தீர்கள். 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் லாபம் ஈட்டியது. 1992க்குப் பின் பார்சிலோனா புத்துயிர் பெற்றது. பதக்கம் வென்ற வீரர்களும் செல்வந்தர்களாகிறார்கள். நல்ல நிர்வாகம் இருந்தால் எந்த நகரமும் இதைச் சாதிக்கலாம் அல்லவா?

க.

அன்புள்ள க.,

லாஸ் ஏஞ்சலஸ் போட்டியை நடத்திய பீட்டர் யூபராத்தின் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர் பொறுப்பேற்ற சூழல் எந்த நகரத்துக்கும் எளிதில் வாய்க்காதது. 1976 போட்டியால் கனடாவின் மான்ட்ரியல் நகருக்கு ஏற்பட்ட கடன் 2006இல்தான் அடைந்தது. புகையிலை மீதான வரியும் அதற்கே போயிற்று. அந்தச் சுமை எல்லோர் கண்ணிலும் பட்டிருந்த நேரத்தில், 1984 போட்டியைக் கேட்டு இறுதிவரை நின்றது லாஸ் ஏஞ்சலஸ் மட்டுமே. அந்நகர வாக்காளர்கள் 1978இல் வரிப்பணத்தை இதில் இறக்கத் தடை விதித்தனர். நட்டம் வந்தால் தாமே ஏற்பதாக வழக்கமாக நகரங்கள் எழுதிக்கொடுக்கும் உத்தரவாதம் இல்லாமலே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உடன்பட வேண்டியதாயிற்று. 1923இல் அந்நகரில் திறக்கப்பட்ட கொலீசியம் விளையாட்டரங்கமே மைய அரங்காயிற்று. 20 கோடி டாலருக்கு மேல் உபரி வந்தது. திறமை உதவியது உண்மை. பேரம் பேசும் வலு அதற்கு முன்பே வந்துவிட்டது.

அந்த லாபத்தைப் பார்த்துப் பல நகரங்கள் வரிசையில் நிற்கத் தொடங்கியதும் வலு கை மாறியது. ஏலத்தில் வெல்பவர் பெரும்பாலும் செலவைக் குறைத்தும் வரவைக் கூட்டியும் கணக்கிட்டவராகவே இருப்பார். 2020 போட்டிக்கான விண்ணப்பத்தில் டோக்கியோ சொன்ன செலவு சுமார் 73,400 கோடி யென்; பெருந்தொற்றுக்கு முன்பே, 2019 டிசம்பரில், அது 1.35 லட்சம் கோடி யென் ஆகியிருந்தது. இன்னொரு பக்கம், அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்.பி.சி. 2021 முதல் 2032 வரையிலான ஒளிபரப்பு உரிமைக்கு 765 கோடி டாலர் தர ஒப்பந்தம் செய்தது கமிட்டியுடன்தான், எந்த நகரத்துடனும் அல்ல. அதில் ஒரு பகுதி போட்டியை நடத்தும் குழுவுக்கு வருகிறது என்றாலும், செலவு எகிறினால் அந்தப் பங்கும் கூடவே எகிறுவதில்லை. 1984இல் உத்தரவாதம் தர மறுத்த அதே லாஸ் ஏஞ்சலஸ், 2028 போட்டியில் நட்டம் வந்தால் முதல் 27 கோடி டாலரைத் தானும், அடுத்த 27 கோடியைக் கலிபோர்னியா மாநிலமும், அதற்கு மேற்பட்டதை மீண்டும் தானும் ஏற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறது.

பார்சிலோனாவைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. நகரைக் கடற்கரையை நோக்கித் திறக்கும் திட்டம் அங்கு ஏற்கெனவே இருந்தது. போட்டி அதை விரைவுபடுத்தியது. திட்டம் போட்டிக்காகவே தீட்டப்படும்போது விலை கொடுப்பவர்கள் வேறு. 2016 போட்டியை நடத்திய பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் ஒலிம்பிக் வளாகத்தை ஒட்டியிருந்த வீலா ஆட்டோட்ரோமோ குடியிருப்பின் சுமார் 600 குடும்பங்களில், இறுதிவரை போராடி அங்கேயே வீடு பெற்றவை 20 மட்டுமே. பொருளாதார ஆய்வுகள் பேசும் "உள்ளூர் வருமானம்" என்ற கணக்கில் இவர்களின் இழப்பு எங்கும் கழிக்கப்படுவதில்லை.

வீரர்கள் விஷயத்தில்தான் உங்களோடு அதிகம் முரண்படுகிறேன். கமிட்டி பதக்கத்துக்குப் பரிசுப் பணம் தருவதில்லை. அதைத் தருவது சில நாடுகளின் அரசுகளும் விளையாட்டு அமைப்புகளும்தான். 2024 பாரிஸ் போட்டியில் உலகத் தடகள அமைப்பு 48 தங்கப் பதக்கங்களுக்கும் தலா 50,000 டாலர் என மொத்தம் 24 லட்சம் டாலர் ஒதுக்கியபோது, அதுவே பெரிய செய்தியாயிற்று. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் வருமானத்தில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்குப் போகிறது, ஏனென்றால் அங்கு வீரர் சங்கம் உரிமையாளர்களோடு கூட்டாகப் பேரம் பேசி அந்த விகிதத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறது. ஒலிம்பிக்கில் அப்படி உட்கார்ந்து பேரம் பேச ஒரு மேசையே இல்லை. போதாததற்கு, ஒலிம்பிக் சாசனத்தின் 40ஆம் விதி, போட்டி நாட்களில் வீரர் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தருவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019இல் தளர்த்தப்பட்ட பிறகும் அது முற்றாக நீங்கிவிடவில்லை. உலகமே அவரைப் பார்க்கும் அந்த இரண்டு வாரங்கள்தான் பெரும்பாலான வீரர்களுக்குச் சந்தை மதிப்பு இருக்கும் காலம். நீங்கள் குறிப்பிடும் செல்வந்தர்கள், அதற்குப் பின்னும் விளம்பரதாரர்களின் நினைவில் நிற்கும் மிகச் சிலரே.