ஜாவாஎஃப்எக்ஸ் டேபிள்வியூ: வரி இருக்கிறது, எழுத்தைக் காணோம்

கேள்வி: ஜாவாஎஃப்எக்ஸின் (ஜாவாவில் திரை வடிவமைக்கும் நூலகம்) டேபிள்வியூ என்ற அட்டவணையில் ஐந்து பொருள்களைச் சேர்த்தேன். டேபிளில் ஐந்து வரிகளையும் தேர்ந்தெடுக்க முடிகிறது. ஆனால் விலை நெடுவரிசை மட்டும் காலி. எரர் எதுவும் வரவில்லை.

எரர் வராது, வார்னிங் வந்திருக்கும். கன்சோலை மேலே தள்ளிப் பாருங்கள். நெடுவரிசைக்கு மதிப்பை எடுத்துத் தருவது புராபர்ட்டிவேல்யூஃபேக்டரி. அதற்கு நீங்கள் கொடுத்த பெயரை வைத்து, அது முதலில் அதே பெயரோடு ‘புராபர்ட்டி’ என்று முடியும் மெத்தடைத் தேடும். அது இல்லையென்றால் ‘கெட்’ அல்லது ‘இஸ்’ என்று தொடங்கும் மெத்தடைத் தேடும். எதுவும் கிடைக்காவிட்டால் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு, செல்லைக் காலியாக விட்டுவிட்டுப் போய்விடும்.

பெரும்பாலும் எழுத்துப் பிழைதான் காரணம். மெத்தட் ‘கெட்யூனிட்பிரைஸ்’ என்றால், நீங்கள் கொடுக்கும் பெயரில் ‘யூனிட்’டின் முதலெழுத்து சிறியதாகவும் ‘பிரைஸ்’ஸின் முதலெழுத்து பெரியதாகவும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் போட்டால் கிடைக்காது. பெயர் சரியாக இருந்தும் காலியென்றால், கிளாஸ் பப்ளிக்காக இருக்கிறதா என்று பாருங்கள். மாட்யூல்-இன்ஃபோ ஃபைல் (எந்தப் பேக்கேஜை யார் அணுகலாம் என்று சொல்வது) வைத்திருந்தால், மாடல் கிளாஸ் (பொருளின் விவரங்களை வைத்திருக்கும் கிளாஸ்) இருக்கும் பேக்கேஜை ஜாவாஎஃப்எக்ஸின் ‘பேஸ்’ மாட்யூலுக்கும் ‘ஓபன்ஸ்’ செய்ய வேண்டும். எஃப்எக்ஸ்எம்எல் மாட்யூலுக்கு மட்டும் திறந்துவிட்டு இதை மறப்பவர்கள் ஏராளம். சாதாரண கிளாஸுக்குப் பதில் ஜாவாவின் சுருக்க வடிவமான ரெக்கார்ட் பயன்படுத்தியிருந்தால் அதில் ‘கெட்’ என்ற முன்னொட்டே கிடையாது, அதனாலும் கிடைக்காமல் போகலாம்.

என் யோசனை: இந்த ஃபேக்டரியையே விட்டுவிட்டு, நெடுவரிசையின் செல்வேல்யூஃபேக்டரிக்கு ஒரு லாம்ப்டா (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) எழுதுங்கள். பெயரில் பிழை இருந்தால் கம்பைல் செய்யும்போதே பிடிபட்டுவிடும்.

கேள்வி: இருப்பு 10-க்குக் கீழ் போனால் செல் சிவப்பாக வேண்டும். முதலில் சரியாக இருக்கிறது. ஸ்க்ரோல் செய்தால் இருப்பு 200 உள்ள பொருளும் சிவப்பாகிறது.

டேபிளில் 10,000 வரி இருந்தாலும் செல்கள் அத்தனை உருவாவதில்லை. திரையில் தெரியும் இருபது முப்பது வரிகளுக்கு மட்டும் உருவாக்கி, நீங்கள் உருட்ட உருட்ட அதே செல்லை வேறு வரிக்குக் கொடுப்பார்கள். ஹோட்டலில் அடுத்தவருக்கு அதே தட்டைக் கழுவிக் கொடுப்பது போல. உங்கள் கோடில் கழுவும் வேலை விட்டுப்போயிருக்கிறது.

செல்லுக்குப் புது மதிப்பு வரும்போது ஓடும் அப்டேட்ஐட்டம் மெத்தடைத் திறந்து பாருங்கள். ‘10-க்குக் கீழ் என்றால் சிவப்பு’ என்று ஓர் இஃப் இருக்கும், எல்ஸ் இருக்காது. முதல் வரியில் சூப்பரின் (மேல் கிளாஸின்) அப்டேட்ஐட்டத்தைக் கூப்பிடுங்கள். அடுத்து, செல் எம்ப்டி என்றாலோ ஐட்டம் ‘நல்’ (மதிப்பே இல்லாத நிலை) என்றாலோ டெக்ஸ்ட், கிராஃபிக் இரண்டையும் ‘நல்’ ஆக்கி, ஸ்டைலையும் வெறுமையாக்குங்கள். மற்ற நேரத்தில் எண்ணை எழுதிவிட்டு, சிவப்பா இல்லையா என்பதை இரண்டு பக்கமும் சொல்லுங்கள். எம்ப்டி பகுதியை விட்டவர்களுக்கு, வரிகளை அழித்த பிறகும் பழைய எண்கள் கீழே பேய் மாதிரி நிற்கும்.

இன்னொன்று: அப்டேட்ஐட்டத்துக்குள் லிசனர் (மாற்றத்தைக் கவனிக்கும் கோடு) சேர்க்காதீர்கள். அது ஓடும் ஒவ்வொரு முறையும் ஒன்று கூடிக்கொண்டே போகும்.

கேள்வி: தேடல் பெட்டிக்காக ஃபில்டர்டுலிஸ்ட் (பொருந்தும் வரிகளை மட்டும் காட்டும் லிஸ்ட்) போட்டேன். இப்போது தலைப்பைச் சொடுக்கினால் வரிசைப்படவில்லை.

ஃபில்டர்டுலிஸ்டை நேரடியாக வரிசைப்படுத்த முடியாது. டேபிள் முயன்று பார்த்து, முடியாதென்றதும் பேசாமல் விட்டுவிடுகிறது. ஃபில்டர்டுலிஸ்டை ஒரு சார்ட்டட்லிஸ்டுக்குள் (வரிசைப்படுத்திக் காட்டும் லிஸ்ட்) வையுங்கள். அதன் கம்பேரட்டர் (ஒப்பிடும் விதி) புராபர்ட்டியை டேபிளின் கம்பேரட்டர் புராபர்ட்டியோடு பைண்ட் செய்யுங்கள், அதாவது இணைத்துவிடுங்கள். பிறகு சார்ட்டட்லிஸ்டையே டேபிளுக்குக் கொடுங்கள். பைண்ட் செய்யும் வரியை மறந்தால் மறுபடியும் இதே நிலைதான்.

இதைச் சரிசெய்ததும் அடுத்த சிக்கல் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். தேர்ந்தெடுத்த வரியின் எண்ணை வைத்து மூல லிஸ்டில் அழித்தால் வேறு பொருள் போய்விடும். திரையில் 3-ஆவது வரி, மூலத்தில் 3-ஆவது வரியாக இருக்க வேண்டியதில்லை. செலக்டட்ஐட்டத்தை எடுத்து, அந்தப் பொருளையே மூல லிஸ்டிலிருந்து நீக்குங்கள்.

கேள்வி: செல்லில் திருத்திவிட்டு வேறு செல்லைச் சொடுக்கினால் பழைய மதிப்பே திரும்பி வருகிறது.

திருத்தக்கூடிய செல்லான டெக்ஸ்ட்ஃபீல்ட்டேபிள்செல் என்டர் தட்டினால்தான் சேமிக்கும். ஃபோகஸ் போனால் ரத்து. அது வடிவமைத்த விதமே அப்படி. பில் போடுகிறவர்கள் என்டர் தட்டப் பழகியிருந்தால் அப்படியே விட்டுவிடலாம். இல்லையென்றால் சொந்தமாக ஒரு டேபிள்செல் எழுதி, உள்ளே இருக்கும் டெக்ஸ்ட்ஃபீல்டின் ஃபோகஸ் போகும்போது கமிட்எடிட்டைக் கூப்பிட வேண்டும். சிக்கல் என்னவென்றால், வேறு செல்லைச் சொடுக்கும்போது ஃபோகஸ் போவதற்கு முன்பே இந்தச் செல்லின் எடிட்டிங் நிலை ஃபால்ஸ் ஆகியிருக்கும். அந்த நிலையில் கமிட்எடிட் ஒன்றும் செய்யாது. எனவே கமிட்எடிட்டை ஓவர்ரைடு செய்து, எடிட்டிங் முடிந்திருந்து மதிப்பும் மாறியிருந்தால் எடிட் கமிட் ஈவென்டை நீங்களே நெடுவரிசைக்கு ஃபயர் செய்யுங்கள்.

என்டர் தட்டியும் சேமிக்கவில்லை என்றால் செட்ஆன்எடிட்கமிட் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அதைப் போட்டதும் ஏற்கெனவே இருந்த ஹேண்ட்லர் போய்விடும். மதிப்பை மாடலில் எழுதும் வேலை அதன்பின் உங்களுடையது.

கேள்வி: வாடிக்கையாளர் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. வரிசைப்படுத்தினால் கமலாவுக்கு முன்னால் கனகா வருகிறார்.

ஸ்ட்ரிங்கை டேபிள் யூனிகோட் எண்படி ஒப்பிடுகிறது. யூனிகோடில் ந-வுக்கு அடுத்தே ன இருக்கிறது, ம பிறகுதான். நம் அகரவரிசையில் ன மெய்களில் கடைசி. பழம், பவளம் என்று இரண்டு சொல்லைப் போட்டுப் பாருங்கள்: அகராதியில் பவளம் முதலில், டேபிளில் பழம் முதலில்.

ஜாவாவோடு வரும் கொலேட்டரில் (மொழிப்படி எழுத்துகளை ஒப்பிடும் கிளாஸ்) தமிழுக்குத் தனி விதி இல்லை, அதனால் அதில் தமிழ் லொகேல் (மொழி அமைப்பு) கொடுத்தும் பயன் இல்லை. ஐசியு4ஜே லைப்ரரியைச் சேர்த்து, அதன் கொலேட்டரை ‘டிஏ’ என்ற மொழிக் குறியோடு எடுத்து, நெடுவரிசையின் செட்கம்பேரட்டரில் கொடுங்கள். நேரடியாகக் கொடுத்தால் டைப் பொருந்தாது என்று கம்பைலர் முறைக்கும். ஒரு லாம்ப்டாவுக்குள் கம்பேர் மெத்தடைக் கூப்பிட்டால் சரியாகிவிடும். பெயர் ‘நல்’ ஆக இருக்கும் வரிகளை அந்த லாம்ப்டாவிலேயே கவனித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தொகை 12,34,567 என்று வர வேண்டும். எந்த ஃபார்மட் கொடுத்தாலும் 1,234,567 என்றே வருகிறது.

ஜாவாவின் டெசிமல்ஃபார்மட் பேட்டர்னில் கடைசிக் கமாவை மட்டுமே கணக்கில் எடுக்கும், லட்சக் கமா அதற்குத் தெரியாது. மேலே சொன்ன ஐசியு4ஜேயின் டெசிமல்ஃபார்மட்டுக்குத் தெரியும். நெடுவரிசையின் டைப் எண்ணாகவே இருக்கட்டும், ஃபார்மட்டை செல்லை உருவாக்கும் செல்ஃபேக்டரியில் மட்டும் செய்யுங்கள். ஸ்ட்ரிங்காக மாற்றி வைத்தால் வரிசைப்படுத்தும்போது 9-க்கு முன்னால் 10 வந்து நிற்கும்.

கேள்வி: மாடலில் விலையை மாற்றுகிறேன். டேபிளில் மாறவில்லை.

விலை சாதாரண டபுளாக இருந்தால் மாறியது டேபிளுக்குத் தெரிய வழியில்லை. டபுள்புராபர்ட்டியாக்கி, செல்வேல்யூஃபேக்டரியில் அந்தப் புராபர்ட்டியையே திருப்பிக் கொடுங்கள். மாடலைத் தொட முடியாத நிலை என்றால் டேபிளின் ரிஃப்ரெஷ் மெத்தட் இருக்கிறது, 8-ஆம் பதிப்பின் 60-ஆவது அப்டேட்டில் வந்தது. மாற்றுவது வேறு த்ரெட்டில் நடக்கிறதென்றால், இரண்டில் எதைச் செய்தாலும், திரைக்கான த்ரெட்டிடம் வேலையை ஒப்படைக்கும் பிளாட்ஃபார்ம் ரன்லேட்டருக்குள் செய்யுங்கள்.