2025 மொடல் என்றார்கள், புத்தகத்தில் 2023: தவணையை நிறுத்தலாமா?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்துக்குக் கீழே, மாமாவுக்கு 12 ஏக்கர் வயல். அவருக்காகக் கொழும்பில் ஒரு காட்சியறையில் புது நாலு சில்லு உழவு இயந்திரம் எடுத்தோம். முற்பணம் 15 இலட்சம், மாமாவின் பணிக்கொடைக் காசு. மிச்சம் என் பெயரில் லீசிங். ‘அண்ணன், இது 2025 மொடல், லேட்டஸ்ட்’ என்று விற்பனைப் பிரதிநிதி பல தடவை சொன்னார். வட்ஸ்அப்பில் அனுப்பிய விலைப்பட்டியலிலும் அப்படித்தான் இருந்தது. பதிவுப் புத்தகம் வந்தபோது உற்பத்தி ஆண்டு 2023. கேட்டால், ‘மொடல் வேறு, உற்பத்தி வருடம் வேறு, வயலுக்கு என்ன வித்தியாசம்?’ என்று சிரிக்கிறார். முகாமையாளர் மற்ற வாடிக்கையாளர்கள் முன்னால் என்னை அவமானப்படுத்தினார். மாமா வீட்டில் என்னை ஏமாளி என்கிறார்கள். இப்போது 3 இலட்சம் தருகிறோம், இல்லாவிட்டால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் ஒன்றை இலவசமாகத் தருகிறோம் என்கிறார்கள். எனக்கு வேண்டியது நியாயம். மார்ச் தவணையைக் கட்டவில்லை. மாற்றித் தரும்வரை கட்டப்போவதுமில்லை. வழக்குப் போடலாமா, ஐயா?

பதில்: முகாமையாளர் பேசியதும் மாமா வீட்டில் பேசுவதும் புதுக்கடை நீதிமன்றங்களில் எந்த நீதிபதியின் காதிலும் ஏறாது. உங்கள் எட்டுப் பக்கக் கடிதத்தில் எனக்குத் தேவைப்பட்டவை இணைப்பாக வைத்திருந்த மூன்று தாள்கள் மட்டுமே.

முதலாவது, புரோபோமா இன்வொய்ஸ், அதாவது விற்பனைக்கு முன் தரும் விலைச்சீட்டு. ‘புத்தம் புதிய நாலு சில்லு உழவு இயந்திரம்’ என்று இருக்கிறது, வருடம் இல்லை. இரண்டாவது, விநியோகப் பற்றுச்சீட்டு. செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், அவற்றுக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘உற்பத்தி ஆண்டு 2023’. அதற்கும் கீழே ‘பரிசோதித்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’. அதன்மேல் உங்கள் கையெழுத்து. மூன்றாவது, ‘2025 மொடல்’ என்று எழுதிய அந்த வட்ஸ்அப் விலைப்பட்டியல். உங்கள் பிரச்சினை முழுவதும் இந்த மூன்றுக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

வயலுக்கு என்ன வித்தியாசம் என்று அவர் கேட்டது ஒரு வகையில் சரி. ஒரே ரகம் ஆண்டுக்கணக்கில் மாறாமல் வரும், சேற்றுக்கு வருடம் தெரியாது. ஆனால் நாளைக்கு விற்கப் போனால் வாங்குபவர் முதலில் கேட்பது வருடத்தைத்தான். அவர் பார்ப்பதும் புத்தகத்தில் உள்ள உற்பத்தி ஆண்டைத்தான். காப்புறுதிக்காரரும் அதையே பார்ப்பார். ஆகவே வருடத்துக்குப் பெறுமதி உண்டு. அந்தப் பெறுமதி உங்கள் ஒப்பந்தத்துக்குள் ஏறியதா என்பதே கேள்வி.

1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இங்கிலாந்தின் 1893 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. அதனால் அங்குள்ள தீர்ப்புகள் நமக்கும் வழிகாட்டும். 1957 இல் ஒஸ்கார் செஸ் எதிர் வில்லியம்ஸ் வழக்கு. 1948 ஆம் ஆண்டுக் கார் என்று 290 பவுணுக்கு எடுத்தது உண்மையில் 1939 ஆம் ஆண்டுக் கார், பெறுமதி 175 பவுண். வாங்கியவர் தோற்றார். காரணம், வாங்கியது கார் வியாபாரி, விற்றவர் புத்தகத்தை நம்பிச் சொன்ன சாதாரண ஆள். 1965 இல் டிக் பென்ட்லி வழக்கில் நிலைமை தலைகீழ். வியாபாரி சொன்ன மைல் கணக்கு பொய், வாங்கியவர் வென்றார். விஷயம் தெரிந்திருக்க வேண்டிய வியாபாரி சொன்னால் அந்தச் சொல் ஒப்பந்தத்தில் சேரும். நீங்கள் நிற்பது இந்த இரண்டாவது பக்கத்தில். மொடல் வருடம் நாட்காட்டி வருடத்தைச் சில மாதங்கள் முந்துவது வழக்கம்தான். 2023 இல் செய்த இயந்திரத்தை 2025 மொடல் என்பதற்கு அந்த வழக்கம் போதாது.

எழுதிய ஒப்பந்தத்துக்கு எதிராக வாய்ச்சொல்லைக் கொண்டுவர முடியாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 92 ஆம் பிரிவைக் காட்டுவார்கள். ஆனால் எழுத்து மௌனமாக இருக்கும் விடயத்தில், அதற்கு முரண்படாத தனி உடன்பாட்டை நிரூபிக்க அதே பிரிவு இடம் விடுகிறது. புரோபோமாவில் வருடம் இல்லாதது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று. வட்ஸ்அப் செய்தியை 2006 ஆம் ஆண்டின் மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் கீழ் சாட்சியாக வைக்கலாம். ஸ்கிரீன்ஷொட்டை மட்டும் நம்பாதீர்கள். அந்தத் தொலைபேசியையே பத்திரமாக வையுங்கள், புதுத் தொலைபேசி வாங்கினாலும் பழையதைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் சரியாக வந்தாலும் ‘மாற்றித் தா’ என்ற உங்கள் கோரிக்கை நிற்காது. இயந்திரம் ஓடிய நேரத்தைக் காட்டும் மணிமானி 140 மணித்தியாலம் காட்டுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாமா தன் வயலோடு அயலவர்களின் வயலையும் கூலிக்கு உழுதிருக்கிறார். பதிவு செய்து, கையெழுத்து வைத்து, உழுதும் முடித்தால் சட்டத்தின் பார்வையில் பொருளை ஏற்றுக்கொண்டாயிற்று. ஏற்றுக்கொண்டவருக்கு மிஞ்சுவது நட்டஈடு. ஒப்படைத்த நாளில் 2025 இயந்திரத்துக்கும் 2023 இயந்திரத்துக்கும் இருந்த சந்தை விலை வித்தியாசம், அவ்வளவுதான். மாமாவின் பணிக்கொடை என்பதற்காக அந்தத் தொகை ஒரு ரூபாவும் கூடாது.

இனி, உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்திய வரிக்கு வருகிறேன். தவணையைக் கட்டப்போவதில்லை என்கிறீர்கள்.

இயந்திரத்தை வாங்கியது நீங்கள் இல்லை. இன்வொய்ஸ் லீசிங் கம்பனியின் பெயரில். புத்தகத்தில் முழு உரிமையாளர் அவர்கள், நீங்கள் பதிவு உரிமையாளர் மட்டும். காட்சியறை பொய் சொன்னதற்கு லீசிங் கம்பனி பொறுப்பில்லை என்று நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் கட்டாயம் ஒரு வாசகம் இருக்கும், வாசித்துப் பாருங்கள். காட்சியறையோடு சண்டை பிடிப்பதற்கு லீசிங் கம்பனிக்குக் காசை நிறுத்துவது, பக்கத்து வீட்டுக்காரனோடு கோபித்துக்கொண்டு சொந்த வீட்டு மின்சாரப் பட்டியலைக் கட்டாமல் விடுவது மாதிரி.

இதே வேலையைச் செய்த ஒருவர் என்னிடம் வந்திருந்தார். டிப்பர் ஒன்று. விற்றவர்கள் ஏமாற்றியது உண்மை, கையில் ஆவணமும் இருந்தது. கோபத்தில் நாலு தவணையை நிறுத்தினார். ஒருநாள் எண்ணெய் நிரப்பும் இடத்தில் வைத்தே வாகனத்தை சீஸ் பண்ணிக்கொண்டு போனார்கள். ஏலத்தில் போன விலை கடனுக்குக் காணாது, மிச்சத்துக்கு அவர்மேலேயே வழக்கு. விற்றவர்களுக்கு எதிரான வழக்கில் வாகனத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்றோம். பரிசோதிக்க வாகனம் எங்கே? அது யாரோ ஒருவர் கையில் மணல் ஏற்றிக்கொண்டிருந்தது. ஏமாற்றப்பட்டவர் நீதிமன்றத்தில் கடன்காரராக நின்றார். கடைசியில் நான் அவருக்குச் செய்து கொடுத்தது, மிச்சக் கடனைத் தவணையில் கட்ட ஓர் இணக்கம், அவ்வளவே.

உங்களுக்கு இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நீங்கள் கடைக்காரர். தவணை பிந்தினால் அது கடன் தகவல் பணியகத்தின் கிரிப் அறிக்கையில் ஏறும். கடைக்கு வங்கி மேலதிகப்பற்று வைத்திருந்தால், அடுத்த முறை புதுப்பிக்கப் போகும்போது முகாமையாளர் அந்தத் தாளைத்தான் முதலில் எடுப்பார். ஓர் உழவு இயந்திரத்தின் வருடத்துக்காகச் சீமெந்துக் கொள்வனவு நின்றுபோகும். மார்ச் தவணையைத் தாமதக் கட்டணத்தோடு இந்த வாரமே கட்டுங்கள். கட்டும்போது, காட்சியறைக்கு எதிரான என் உரிமைகளுக்குப் பாதிப்பின்றிக் கட்டுகிறேன் என்று லீசிங் கம்பனிக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பிரச்சினையை அவர்களுக்கு எழுத்தில் தெரியப்படுத்துவது பின்னாலும் உதவும், ஏனென்றால் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதாக இருந்தாலும் உரிமையாளரான அவர்களின் சம்மதம் இல்லாமல் முடியாது.

இரண்டாவது அவசரம் நாள்கணக்கு. இன்வொய்ஸ் திகதி ஜனவரி 19. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூல முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். புத்தகம் கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நடுவில் சித்திரைப் புத்தாண்டு வேறு வருகிறது, அந்த வாரத்தில் கொழும்பில் எந்த அலுவலகத்தில் ஆள் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பொருளின் தரம், மொடல் பற்றிப் பொய்யாகச் சொல்வது அந்தச் சட்டத்தில் குற்றம். பாவனையாளர் என்பது அங்கே பொருளைப் பாவிப்பவரையும் சேர்க்கும் என்பதால், இன்வொய்ஸ் லீசிங் கம்பனியின் பெயரில் இருப்பது இங்கே அவ்வளவு பெரிய தடையில்லை. முறைப்பாட்டில் அவமானக் கதை வேண்டாம். மூன்று தாள்களையும் இணைத்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள். முகநூலில் அந்தப் பிரதிநிதியின் படத்தோடு ‘கள்ளன்’ என்று போட்டதை இன்றே எடுத்துவிடுங்கள், மானநட்ட வழக்குக்கு அவர்களுக்குக் காரணம் எதற்கு?

முறைப்பாட்டின் பதிவு இலக்கம் கையில் கிடைத்ததும், போய் சமரசம் பேசுங்கள். வழக்குப் போடலாமா என்றால் போடலாம். ஆனால் நான் போடமாட்டேன். மாவட்ட நீதிமன்றத்தில் அது எத்தனை வருடம் இழுபடும் என்று சொல்லத் தேவையில்லை, முடிவில் கிடைப்பதும் விலை வித்தியாசம்தான். மதிப்பீட்டாளர் ஒருவரிடம் இரண்டு வருடங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி வாங்குங்கள். அவர் சொல்லும் தொகை அவர்கள் தரும் 3 இலட்சத்துக்கு அண்மையில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கூடினால் அந்தத் தாளை மேசையில் வைத்துப் பேசுங்கள். ரொட்டவேட்டர் வேண்டாம், அதன் விலையை அவர்களே தீர்மானிப்பார்கள். காசை லீசிங் கணக்குக்கு நேரே போடச் சொன்னால் இன்னும் நல்லது.

கையெழுத்திடும் தாளில்தான் ஆட்கள் மறுபடி விழுகிறார்கள். ‘சகல கோரிக்கைகளுக்கும் இறுதித் தீர்வு’ என்று அச்சடித்து வைத்திருப்பார்கள். அதில் கையெழுத்து வைத்தால், ஆறு மாதத்தில் கியர்ப்பெட்டி போனாலும் ‘தீர்த்தாயிற்றே’ என்பார்கள். உற்பத்தி ஆண்டு தொடர்பான கோரிக்கைக்கு மட்டும் என்று வெட்டி எழுதச் சொல்லுங்கள். உத்தரவாதக் காலம் உங்களிடம் ஒப்படைத்த நாளிலிருந்து ஓடும் என்பதும் அதே தாளில் வர வேண்டும். இரண்டு வருடம் களஞ்சியத்தில் நின்ற இயந்திரத்தில் முதலில் கெடுவது டயர், பற்றரி, றப்பர்க் குழாய்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2323 என்றால் 2023 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். மாமாவிடம் சொல்லி நாலு சில்லிலும் அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அந்தப் படங்களும் பையில் இருக்கட்டும்.